கோப்பில் இல்லாத பூஜ்ஜியம் அணிக்குள் எப்படி வந்தது?

முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் ஒரு மழைமானியின் தினப்பதிவுக் கோப்பு இருக்கிறது. வரிக்கு மூன்று விவரங்கள்: தேதி, மில்லிமீட்டரில் மழை, பக்கத்துக் கிணற்றின் நீர்மட்டம். ஒன்றையொன்று பிரிப்பது அரைப்புள்ளி. முதல் வரி தலைப்பு. வீட்டில் ஆக்டேவ் என்ற கணக்கீட்டு மென்பொருளில், எண் கோப்பை வாசிக்கும் டிஎல்எம்ரீட் என்ற ஃபங்ஷனைக் கொண்டு வாசித்தீர்கள். பிழை எதுவும் வரவில்லை. ஆனால் மழையின் சராசரி எக்செல் காட்டுவதைவிடக் குறைவாக வருகிறது. தேதி இருந்த இடத்தில் கலப்பெண்கள், அதாவது மெய்ப்பகுதியும் கற்பனைப் பகுதியும் சேர்ந்த எண்கள், நிற்கின்றன. கல்லூரி ஆய்வகத்தில், ஏறக்குறைய அதே மொழியைப் பேசும் மேட்லாப் மென்பொருளில் அதே கட்டளை பிழை சொல்லி நின்றுவிடுகிறது. எந்த ஃபங்ஷன் சரி என்று கேட்கிறீர்கள்.

நீங்கள் ஃபங்ஷனின் பெயரைக் கேட்டாலும், உள்ளே இருக்கும் கேள்வி வேறு என்று நினைக்கிறேன். கோப்பில் இல்லாத பூஜ்ஜியங்கள் அணிக்குள், அதாவது வாசித்த எண்கள் அமரும் செவ்வகத்துக்குள், எப்படி நுழைந்தன என்பதே அது. அது தெளிந்துவிட்டால் எந்த ஃபங்ஷன் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்வீர்கள். நீரியல் தரவோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டியவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஃபங்ஷன் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன்; திரையில் தட்டும்போது ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல் தட்டிக்கொள்ளுங்கள்.

ஐந்து நாள் பதிவை மட்டும் எடுத்துக்கொள்வோம். நவம்பர் 1ஆம் தேதி 12 மிமீ. 2ஆம் தேதி ஒன்றும் எழுதப்படவில்லை. இரண்டு அரைப்புள்ளிகள் ஒட்டி நிற்கின்றன. 3ஆம் தேதி 0, அதாவது மழை பெய்யவில்லை. 4ஆம் தேதி ‘பதிவில்லை’ என்று யாரோ தட்டியிருக்கிறார். 5ஆம் தேதி 6 மிமீ. எக்செல்லின் சராசரி, வெற்றுக் கட்டங்களையும் எழுத்து இருக்கும் கட்டங்களையும் எண்ணிக்கையில் சேர்க்காது. 18ஐ 3ஆல் வகுத்து 6 என்று சொல்லும். ஆக்டேவின் டிஎல்எம்ரீட் வெற்றிடத்தை 0 ஆக்குகிறது. ‘பதிவில்லை’யையும் 0 ஆக்குகிறது. தலைப்பைத் தாண்டச் சொல்லாவிட்டால் அந்த வரியையும் ஒரு பூஜ்ஜிய வரியாக உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆக, 18ஐ 6ஆல் வகுத்து 3. தலைப்பை மட்டும் தாண்டியிருந்தால் 3.6. உங்கள் சராசரி குறைந்ததற்கு இதைவிட நுட்பமான காரணம் தேட வேண்டியதில்லை.

இது பிழை அல்ல. ஆவணத்தில் எழுதி வைத்த நடத்தைதான். வெற்றிடத்தைப் பூஜ்ஜியத்தால் நிரப்புவது மேட்லாபின் டிஎல்எம்ரீடுக்கும் வழக்கம். வேறுபாடு ஒன்றே ஒன்று: எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்தைக் கண்டால் மேட்லாப் நின்றுவிடும், ஆக்டேவ் பூஜ்ஜியம் போட்டுவிட்டு மேலே போய்விடும். இரண்டில் உங்களுக்கு நல்லது செய்தது எது என்று கேட்டால், பிழை சொல்லி நின்ற மேட்லாப்தான் என்பேன்.

கிணற்று நீர்மட்டத்தில் திடீரென்று ஒரு 0 விழுந்தால் வரைபடத்தில் பள்ளமாகத் தெரிந்துவிடும். மழையில் அப்படியில்லை. மழையில் 0 என்பது நியாயமான மதிப்பு. பொய்ப் பூஜ்ஜியம் மெய்ப் பூஜ்ஜியங்களுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும். எனக்கே இது நேர்ந்திருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கடலோர நிலையத்தின் மாத அறிக்கையைத் தயாரித்து மேலே அனுப்பினேன். மூத்த பொறியாளர் அதைப் பார்த்துவிட்டு, “நவம்பரில் தொடர்ந்து எட்டு நாள் ஒரு துளியும் இல்லையா? நீங்கள் அந்த வாரம் எந்த ஊரில் இருந்தீர்கள்?” என்று கேட்டார். நான் அதே ஊரில்தான் இருந்தேன். நனைந்துகொண்டே அலுவலகம் போன வாரம் அது. கருவி பழுதாகி எட்டு நாள் பதிவே இல்லை. என் நிரல் அதை எட்டு நாள் வறட்சியாக்கிவிட்டது.

இந்த ஃபங்ஷன்கள் ஏன் இப்படி நடந்துகொள்கின்றன என்பதற்கு மேட்லாபின் பிறப்பில் விடை இருக்கிறது. 1970களின் இறுதியில் நியூ மெக்ஸிகோ பல்கலைக்கழகத்தில் கணிதவியலாளர் கிளீவ் மோலர், ஃபோர்ட்ரான் மொழியில் நிரல் எழுதாமலேயே லின்பேக், ஐஸ்பேக் என்ற அணிக் கணக்கீட்டு நூலகங்களை மாணவர்கள் பயன்படுத்த வேண்டும் என்று எழுதியது அது. அன்று அதற்குத் தெரிந்த ஒரே தரவு வகை அணி. அணியென்றால் எண்களால் ஆன செவ்வகம். அதில் காலியிடம் என்று ஒன்று கிடையாது. 1984இல் அதை விற்கும் மேத்வொர்க்ஸ் நிறுவனம் தொடங்கி, 1996இன் ஐந்தாம் பதிப்பில்தான் கலவையான தரவை வைக்கும் செல் அணி வந்தது. நெடுவரிசைக்கு ஒரு வகை என்று வைத்துக்கொள்ளும் அட்டவணை வகையும், கோப்பை அந்த வகையாக வாசிக்கும் ரீட்டேபிளும் 2013இல் வந்தன. டிஎல்எம்ரீட், காற்புள்ளிக் கோப்புக்கான அதன் உடன்பிறப்பு சிஎஸ்விரீட் இரண்டும் பழைய காலத்துப் பிள்ளைகள். கோப்பு என்றாலே எண் செவ்வகம் என்றுதான் அவை நம்பும்.

தேதி கலப்பெண்ணானதும் இதே நம்பிக்கையின் விளைவு. உங்கள் தேதி 2021-11-01 என்ற வடிவில் இருக்கிறது. ஆக்டேவின் டிஎல்எம்ரீட் கலப்பெண்களையும் வாசிக்கக்கூடியது. 2021ஐ மெய்ப்பகுதியாக எடுத்துக்கொள்கிறது. அடுத்து வரும் -11ஐக் கற்பனைப் பகுதி என்று எண்ணிக்கொள்கிறது. ஒரே ஒரு கட்டம் கலப்பெண்ணானாலும் அணி முழுவதும் கலப்பெண் அணியாகிவிடும். பிறகு மழை நெடுவரிசையை வரைந்தாலும் வரிசைப்படுத்தினாலும் விசித்திரமான விளைவுகள் வரும்.

உங்கள் வீட்டுக் கணினிக்கு உடனடி மருந்து சொல்கிறேன். டிஎல்எம்ரீடுக்குக் கோப்பின் பெயர், அரைப்புள்ளி, பிறகு 1, 1 என்று இரண்டு எண்கள், அதற்குப் பின் ‘எம்ப்டிவேல்யூ’ என்ற சொல், கடைசியாக என்ஏஎன் என்று கொடுங்கள். அந்த இரண்டு எண்களும் எத்தனை வரி, எத்தனை நெடுவரிசை தாண்ட வேண்டும் என்பதைச் சொல்கின்றன. இங்கே ஒரு பொறி உண்டு. இந்த மொழியில் அணியின் எண்ணிக்கை 1இல் தொடங்கும்; ஆனால் இந்த ஃபங்ஷனில் இடம் 0இலிருந்து எண்ணப்படுகிறது. இரண்டாம் வரியிலிருந்து வாசிக்க 1 என்றுதான் எழுத வேண்டும். 2 என்று எழுதி முதல் நாள் பதிவைத் தொலைத்தவர்கள் ஏராளம். முதல் நாள் போனது யார் கண்ணிலும் படாது. இப்படி வாசித்தால் தேதி நெடுவரிசை விடுபடும், வெற்றிடமும் ‘பதிவில்லை’யும் என்ஏஎன் ஆகும்.

என்ஏஎன் என்பது ‘எண் அல்ல’ என்பதற்கான குறி. ஆங்கிலத்தில் அதை ‘நான்’ என்று வாசிப்பார்கள். தமிழில் அப்படி எழுதினால் ஒவ்வொரு வாக்கியத்திலும் நானே வந்து நிற்பேன் என்பதால் எழுத்தைப் பிரித்தே எழுதுகிறேன். அதற்கு ஒரு குணம் உண்டு: தனக்குத் தானே சமமில்லை. ‘இந்த மதிப்பு என்ஏஎன்னுக்குச் சமமா’ என்று இரட்டைச் சமக்குறி போட்டுக் கேட்டால் எப்போதும் இல்லை என்றுதான் வரும். இஸ்என்ஏஎன் என்ற ஃபங்ஷனைத்தான் கேட்க வேண்டும். சராசரியில் ஒரே ஒரு என்ஏஎன் இருந்தாலும் விடை என்ஏஎன் ஆகிவிடும். பலர் இதைத் தொல்லை என்று நினைக்கிறார்கள். எனக்கு இது பிடித்த குணம். பதிவில்லாத நாள்களை என்ன செய்யப்போகிறாய் என்று கேட்காமல் விடாது. இஸ்என்ஏஎன் கொண்டு அந்த வரிகளை விலக்கிவிட்டுச் சராசரி எடுங்கள். எக்செல் சொன்ன அதே எண் வரும்.

தேதியும் வேண்டும் என்றால் டெக்ஸ்ட்ஸ்கேன். இது ஆக்டேவிலும் மேட்லாபிலும் இருக்கிறது. எஃப்ஓப்பன் கொண்டு கோப்பைத் திறந்து, முதல் நெடுவரிசை எழுத்து, அடுத்த இரண்டும் எண் என்று வடிவம் சொல்லி, பிரிப்பான் அரைப்புள்ளி, தலைப்பு ஒரு வரி என்று கொடுத்தால், நெடுவரிசைக்கு ஒன்றாக மூன்று செல்கள் திரும்ப வரும். வெற்றிடத்தை இது இயல்பாகவே என்ஏஎன் ஆக்கும். ‘பதிவில்லை’, ஒற்றைக் கோடு போன்றவற்றை ‘ட்ரீட்ஆஸ்எம்ப்டி’ என்ற விருப்பத்தில் பட்டியலிட வேண்டும். பட்டியலில் இல்லாத ஒரு சொல் குறுக்கே வந்தால் என்ன ஆகும்? இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ஒன்றும் ஆகாது. டெக்ஸ்ட்ஸ்கேன் சத்தம் போடாமல் அந்த இடத்திலேயே வாசிப்பை நிறுத்திவிட்டு, அதுவரை வாசித்ததை உங்கள் கையில் கொடுத்துவிடும். 365 வரிக் கோப்பில் 140ஆவது வரியில் நின்றிருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. ‘ரிட்டர்ன்ஆன்எரர்’ என்ற விருப்பம் இயல்பில் ‘ஆம்’ என்று இருப்பதே காரணம். நான் அதை எப்போதும் ‘இல்லை’ என்று மாற்றிவிடுவேன். அப்போது பிழை சொல்லி நிற்கும். நிற்கும் வரியைப் போய்ப் பார்க்கலாம்.

சிலர் இதற்கெல்லாம் அலுத்துப்போய், எஃப்கெட்எல் கொண்டு வரிவரியாக எடுத்து, ஸ்ட்ரிங்கை (எழுத்துத் தொடரை) வெட்டும் ஸ்டிஆர்ஸ்ப்ளிட்டைப் பயன்படுத்துகிறார்கள். குளறுபடியான கோப்புக்கு அது நல்ல வழிதான். ஆனால் ஸ்டிஆர்ஸ்ப்ளிட் இயல்பில் அடுத்தடுத்து வரும் பிரிப்பான்களை ஒன்றாகச் சேர்த்துவிடும். நவம்பர் 2ஆம் தேதி வரியில் ஒட்டி நிற்கும் இரண்டு அரைப்புள்ளிகள் ஒன்றாகிவிட்டால், அந்த நாளின் நீர்மட்டம் 3.35 என்பது மழை நெடுவரிசைக்கு நகர்ந்துவிடும். கிணற்று நீர் மழையாகப் பெய்துவிடுகிறது! ‘கொலாப்ஸ்டிலிமிட்டர்ஸ்’ என்ற விருப்பத்தை ‘இல்லை’ என்று கொடுத்தால் சரியாகும். இடைவெளியால் நிரப்பி நேராக்கிய கோப்பில் மட்டும் சேர்ப்பது நியாயம். காற்புள்ளி, அரைப்புள்ளி, டேப் எதுவானாலும் சேர்க்கக் கூடாது.

இனி, உங்கள் கோப்பைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாத ஒன்று. உங்கள் கோப்பில் ஏன் அரைப்புள்ளி இருக்கிறது? ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற நாடுகளில் தசமத்துக்குப் புள்ளி வைக்காமல் காற்புள்ளி வைக்கிறார்கள். 12.5 அங்கே 12,5. அதனால் அந்த நாட்டு அமைப்பில் இருக்கும் கணினி, சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த கோப்பு) என்று சொல்லிக்கொண்டே அரைப்புள்ளியால் பிரிக்கும். ஐரோப்பியத் தயாரிப்பான பதிவுக் கருவியிலிருந்து கோப்பு வந்திருந்தால், எண்களுக்குள்ளேயும் காற்புள்ளி இருக்கக்கூடும். ஒருமுறை கோப்பை நோட்பேட் போன்ற எழுத்துச் செயலியில் திறந்து பாருங்கள், எக்செல்லில் அல்ல. அப்படி இருந்தால் ஃபைல்ரீட் கொண்டு முழுக் கோப்பையும் ஒரே ஸ்ட்ரிங்காக எடுத்து, காற்புள்ளிகளைப் புள்ளியாக மாற்றி, அந்த ஸ்ட்ரிங்கையே டெக்ஸ்ட்ஸ்கேனுக்குக் கொடுக்கலாம். நம் ஊர்க் கணக்குக் கோப்பில் இதைச் செய்துவிடாதீர்கள். அங்கே 1,25,000 என்ற காற்புள்ளி லட்சத்தைப் பிரிப்பது. அதை எழுத்தாகவே வாசித்து, காற்புள்ளியை நீக்கிவிட்டு, பிறகு எண்ணாக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளும் உண்டு. தலைப்பும் வடிவமும் சரியாக இருந்தும் முதல் கட்டம் மட்டும் அடம்பிடித்தால், முதல் வரியை எஃப்கெட்எல் கொண்டு எடுத்து டபுள் என்ற ஃபங்ஷனுக்குள் போடுங்கள். எழுத்துகள் குறியெண்களாக விரியும். அரைப்புள்ளி 59, காற்புள்ளி 44, டேப் 9, சாதாரண இடைவெளி 32. தொடக்கத்தில் 239, 187, 191 என்றோ 65279 என்றோ வந்தால், அது எழுத்து முறையை அறிவிக்கக் கோப்பின் தலையில் ஒட்டிய குறி. வரி முடிவில் 13 இருந்தால் கோப்பு விண்டோஸில் பிறந்தது. நடுவில் 160 என்று ஒன்று வந்தால், வலைப்பக்கத்திலிருந்து நகலெடுத்த, இடைவெளி போலவே தோற்றமளிக்கும் வேறோர் எழுத்து. அரை நாள் தலையைப் பிய்த்துக்கொள்வதற்குப் பதில் அரை நிமிடத்தில் முடியும் சோதனை இது.

கல்லூரி மேட்லாபில் வேலை செய்வதானால் டிஎல்எம்ரீடை மறந்துவிடுங்கள். 2019ஆம் ஆண்டின் முதல் பதிப்பிலிருந்து மேத்வொர்க்ஸே அதைப் பரிந்துரைப்பதில்லை. எண் மட்டும் என்றால் ரீட்மேட்ரிக்ஸ், கலவை என்றால் ரீட்டேபிள். இரண்டும் எண் நெடுவரிசையின் வெற்றிடத்தை என்ஏஎன் ஆக்கும். நான் பயன்படுத்திய ஆக்டேவ் பதிப்புகள் எதிலும் இந்த இரண்டும் உடன் வரவில்லை. எனவே இரு இடத்திலும் ஓட வேண்டிய நிரல் என்றால் டெக்ஸ்ட்ஸ்கேனே வசதி. ரீட்டேபிளை நேராக அழைப்பதைவிட, முதலில் டிடெக்ட்இம்போர்ட்ஆப்ஷன்ஸ் கொண்டு அது கோப்பைப் பற்றி என்ன ஊகித்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, தவறானதைத் திருத்தி, பிறகு வாசிப்பது என் பழக்கம். அதில் ‘இம்போர்ட்எரர்ரூல்’ என்று ஒன்று இருக்கிறது. இயல்பில் அது புரியாததை நிரப்பிவிட்டுப் போகும். முதல் தடவை அதைப் பிழை சொல்லும்படி மாற்றி ஓட்டுங்கள். கோப்பில் யார் யார் என்னென்ன சொற்களைத் தட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகு நிரப்பச் சொல்லலாம்.

தேதியைப் பற்றி இரண்டு வார்த்தை. உங்களுடையது ஆண்டில் தொடங்குவதால் பிழைத்தீர்கள். 03/04/2021 என்று இருந்திருந்தால் அது மார்ச்சா ஏப்ரலா என்று கணினிக்கு விட்டுவிடக் கூடாது, வடிவத்தை நீங்களே சொல்ல வேண்டும். அதிலும் ஒரு குழப்பம்: மேட்லாபின் புதிய டேட்டைம் வகையில் மாதத்துக்குப் பெரிய எம், நிமிடத்துக்குச் சிறிய எம். பழைய டேட்நம், டேட்ஸ்டிஆர் ஃபங்ஷன்களில் நேர்மாறு. ஆக்டேவில் உங்களுக்குக் கிடைப்பது பழைய முறை.

வாசித்து முடித்ததும் நான் செய்யும் சோதனைகள் சில உண்டு. எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடம் ஆகும். வரிகளின் எண்ணிக்கை கோப்போடு ஒத்துப்போகிறதா, முதல் நாளும் கடைசி நாளும் கோப்பில் உள்ளபடியே இருக்கின்றனவா, நெடுவரிசைக்கு எத்தனை என்ஏஎன், எத்தனை பூஜ்ஜியம், மிகச் சிறியது எது, மிகப் பெரியது எது. மிகச் சிறியது -999 அல்லது -9999 என்று வந்தால், அது பதிவில்லாத நாளுக்குக் கோப்பை உருவாக்கியவர் வைத்த அடையாளம். வானிலைத் தரவில் இது சர்வ சாதாரணம், இதை எந்த ஃபங்ஷனும் தானாகக் கண்டுபிடித்துத் தராது. பூஜ்ஜியங்களின் எண்ணிக்கையை எழுத்துச் செயலியில் தேடிப் பார்த்தும் ஒப்பிடலாம்.

கோப்பு பெரிதானால் என்ன செய்வது என்றும் கடைசியில் கேட்டிருந்தீர்கள். ஓர் எண்ணுக்கு 8 பைட். ஒரு கோடி வரி, பத்து நெடுவரிசை என்றால் 80 கோடி பைட். இன்றைய மடிக்கணினிக்கு அது பெரிதல்ல. ஒருமுறை சரியாக வாசித்து, சோதித்து, சேவ் கொண்டு மேட்லாபின் சொந்த வடிவமான மேட் கோப்பாகப் போட்டுவிட்டால், அடுத்த முறை இந்தப் பாடு எதுவும் கிடையாது. உங்கள் 365 வரிக்கு அதுகூட வேண்டாம். முதலில் எம்ப்டிவேல்யூ போட்டு வாசித்துப் பாருங்கள். அப்போதும் எக்செல்லோடு ஒத்துப்போகாவிட்டால், கோப்பின் முதல் மூன்று வரிகளையும் அவற்றின் குறியெண்களையும் இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.